மேல்மாடத்தில் இருந்தவர்கள்: ஒரு நாவலின் சிறு பாத்திரங்களும் அலபாமாவின் வரலாறும்

எமது பிள்ளைகள் கனடாவிலும் பிரித்தானியாவிலும் உயர்தரப் பாடசாலைகளிற் கற்கத் தொடங்கிய காலந்தொட்டு, அவர்களின் புத்தகப் பைகளுக்குள் ஓர் ஆங்கில நாவலைப் பெற்றோர் பலர் கண்டிருப்பர். ‘ரு கில் எ மொக்கிங்பேர்ட்’ என்பது அதன் பெயர். மொக்கிங்பேர்ட் என்பது பிற பறவைகளின் குரல்களையெல்லாம் தன் குரலாக்கிப் பாடும் ஒரு சிறு பறவை. எவருக்கும் தீங்கு செய்யாத அப்பறவையைக் கொல்வது பாவம் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்தது இத்தலைப்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமாகிய அலபாமாவில் 1926இற் பிறந்து 2016இல் மறைந்த ஹார்ப்பர் லீ எழுதியது. 1960இல் வெளியாகி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்று, 1962இல் திரைப்படமாகவும் வந்தது.

இந்நாவலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அற்றிக்கஸ் பிஞ்ச் என்ற சட்டத்தரணியைப் பற்றியே பேசுவர். திரைப்படத்தில் கிரெகரி பெக் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தமையால் அவருடைய உருவம் இன்னும் பெரிதாகிவிட்டது. ஆயினும் வரலாற்றை அறிய விரும்பி இந்நூலைப் படிப்பவர் அற்றிக்கசை விட்டுச் சற்று விலகி, ஓரிரு பக்கங்களில் வந்து மறையும் மனிதரைப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அற்றிக்கஸ் போன்ற ஒருவர் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருந்திருக்கலாம். அவரைச் சூழ நிற்கும் சிறு மனிதரோ 1930களின் அலபாமாவில் மட்டுமே இருந்திருக்கக் கூடியவர்கள். அவர்களுள் ஒவ்வொருவரின் பின்னாலும் அந்த மாநிலத்தின் ஒரு சட்டமோ, ஒரு வழக்கமோ, ஒரு பழைய காயமோ நிற்கின்றது.

நூலைப் படிக்காத வாசகருக்காகக் கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். மேகொம்ப் என்னும் கற்பனை ஊரிலே, பொருளாதார மந்த காலத்தில், தாயற்ற இரு பிள்ளைகளுடன் வாழ்கிறார் அற்றிக்கஸ். மகன் ஜெம், மகள் ஸ்கவுட். கதையைச் சொல்பவள் மகளே. ரொம் ரொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி, மேயெல்லா யூவல் என்ற வெள்ளையினப் பெண்ணைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்படுகிறான். இடக்கை செயலிழந்த அவனால் அக்குற்றத்தைச் செய்திருக்க முடியாது என்பது மன்றிலே தெளிவாகின்றது. பெண்ணை அடித்தவன் அவளது தந்தை பொப் யூவலே என்பதும் எல்லோருக்கும் விளங்குகின்றது. எனினும் யூரர்கள் ரொம்மைக் குற்றவாளி என்கின்றனர். சிறையிலிருந்து தப்பியோட முயன்றபோது பதினேழு குண்டுகள் பாய்ந்து அவன் இறக்கிறான்.

இக்கதை எந்த ஒரு வழக்கையும் அப்படியே எடுத்து எழுதியதன்று. ஆனால் அதற்கு மூலமாகக் கொள்ளத்தக்க வழக்குகள் அக்கால அலபாமாவிற் குறைவின்றி இருந்தன. ஹார்ப்பர் லீயின் தந்தையும் மொன்றோவில் என்ற சிற்றூரிலே ஒரு சட்டத்தரணி. அவர் 1919இல் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட இரு கறுப்பினத்தவருக்காக வாதாடினார், இருவரும் தூக்கிலிடப்பட்டனர். லீ சிறுமியாக இருந்த காலத்தில் அதே ஊரில் வால்ரர் லெற் என்ற கறுப்பினத்தவர் மீது ஒரு வெள்ளையினப் பெண் வல்லுறவுக் குற்றஞ்சாட்டினார். 1934இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் மக்கள் சிலர் ஆளுநருக்குக் கடிதம் எழுதினர். தண்டனை ஆயுட்காலச் சிறையாகக் குறைக்கப்பட்டது. விடுதலை காணாமலே 1937இல் அவர் இறந்தார்.

இவையெல்லாவற்றிலும் பெரிது ஸ்கொட்ஸ்பரோ வழக்கு. 1931 மார்ச் 25ஆந் திகதி, வேலை தேடிச் சரக்குப் புகையிரதத்தில் ஏறிச்சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் இளையவன் பதின்மூன்று வயதளவிலான சிறுவன். அதே வண்டியிற் சென்ற இரு வெள்ளையினப் பெண்கள் தம்மை அவர்கள் கெடுத்துவிட்டதாகக் கூறினர். பன்னிரண்டு நாட்களில் விசாரணை தொடங்கியது. சில நாட்களில் எண்மருக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தினாலும் இடைவிடாத மேன்முறையீடுகளினாலும் ஒருவரும் மின்சார நாற்காலிக்கு அனுப்பப்படவில்லை. ஆனால் அவர்களின் இளமை முழுவதும் சிறையிலே கழிந்தது. இறுதியாக மன்னிப்பு அளிக்கப்பட்டது 2013இல். அப்பொழுது அவர்களுள் எவரும் உயிரோடிருக்கவில்லை.

இனி நாவலின் யூரர் சபையைப் பார்ப்போம். அதில் ஒருவருக்குக்கூட ஆசிரியை முழுமையாக முகம் கொடுக்கவில்லை. வெயிலிற் கறுத்த, நகருக்கு வெளியே வாழும் கமக்காரர் என்ற அளவிலே அவர்களைக் காட்டிவிட்டுச் செல்கிறார். நகரத்தில் வாழும் நல்லவர்கள் ஏன் அங்கே இல்லை என்று சிறுவன் ஜெம் தந்தையிடம் கேட்கிறான். அவர்களுக்கு இதில் அக்கறையில்லை, அச்சமும் உண்டு என்ற பொருள்படத் தந்தை விளக்குகிறார். கடைக்காரர் ஒருவர் அயலவர் இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்ல நேர்ந்தால் ஒரு வாடிக்கையாளரை இழப்பார் அல்லவா! ஆகவே ஏதேனும் சாட்டுச் சொல்லிக் கழன்றுகொள்வர். அயலிலுள்ள மொடி அம்மையாரைப் போன்றோர் ஏன் இல்லை என்றால், அவர் பெண். அலபாமாவிலே பெண்கள் யூரராக அமர முடியாது. இது கதைக்காகக் கூறப்பட்டதன்று. 1966இல் சமஷ்டி நீதிமன்றமொன்று செல்லாது என்று தீர்க்கும் வரை அம்மாநிலத்தின் சட்டம் அவ்வாறே இருந்தது.

கறுப்பினத்தவர் ஏன் யூரராக இல்லை என்ற கேள்வியை நாவலில் எவரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது இயல்பாகிவிட்டிருந்தது. 1901இல் அலபாமா இயற்றிக்கொண்ட அரசியலமைப்பு, எழுத வாசிக்கத் தெரிதல், சொத்துடைமை, ஆண்டுக்கு ஒன்றரை டொலர் தலைவரி முதலிய நிபந்தனைகளை வாக்குரிமைக்கு விதித்தது. கட்டாத வரி ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். 1900இல் வாக்களிக்கத் தகுதியுடைய கறுப்பின ஆண்கள் 180,000இற்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1903இல் வாக்காளர் இடாப்பில் மீந்தோர் 3,000 பேருக்கும் குறைவு. வறிய வெள்ளையர் பலரும் இதே வலையிற் சிக்கி வாக்கிழந்தனர் என்பதையும் மறத்தலாகாது. யூரர் இடாப்பிலோ கறுப்பினத்தவர் பெயர்கள் இடம்பெறுவதே இல்லை. ஸ்கொட்ஸ்பரோ வழக்கில் இதனைச் சுட்டிக்காட்டியபோது, அதிகாரிகள் பழைய இடாப்பொன்றைக் கொண்டுவந்து இதோ ஆறு பெயர்கள் என்று காட்டினர். அப்பெயர்கள் பின்னர் இடைச்செருகப்பட்டவை என்று எதிர்த்தரப்பு கூறியது. வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, நீதியரசர்கள் உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து அந்த ஏட்டை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தனர். 1935 ஏப்ரல் முதலாந் திகதி, கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கி அமைத்த யூரர் முறை அரசியலமைப்புக்கு மாறானது என்ற தீர்ப்பு வெளியாயிற்று. நாவலில் ரொம் ரொபின்சனின் வழக்கு நடப்பதும் அந்த 1935 கோடையிலேதான். தலைநகரில் எழுதப்பட்ட தீர்ப்பு மேகொம்ப் போன்ற ஊர்களின் வாசற்படியை எட்டப் பல்லாண்டுகள் சென்றன.

ஆயினும் அந்த முகமற்ற பன்னிருவருள் ஒருவர் மட்டும் அசைந்தார். ரொம் சிறையிலிருந்த இரவில், அவனை அடித்துக் கொல்ல வந்த கூட்டத்திலே வால்ரர் கனிங்ஹாம் என்ற ஏழைக் கமக்காரர் ஒருவர் இருந்தார். சட்டச் செலவுக்குப் பணமின்றி விறகும் கொட்டைகளும் கொண்டுவந்து அற்றிக்கசின் கடனைத் தீர்த்தவர் அவர். ஸ்கவுட் அவரை அடையாளங் கண்டு, உங்கள் மகன் என் வகுப்புத்தோழன் என்று பேச்சுக் கொடுக்கிறாள். அவர் வெட்கித் தம் கூட்டத்தைத் திருப்பி அழைத்துச் செல்கிறார். பின்னர் யூரர் சபையில் அவருடைய உறவினர் ஒருவர் இருந்தாரென்றும், ரொம்மை விடுதலை செய்ய வேண்டுமென்று நெடுநேரம் நின்றவர் அவர்தான் என்றும் அறிகிறோம். சில நிமிடங்களில் முடியவேண்டிய தீர்ப்பு சில மணித்தியாலங்கள் நீண்டது. அவ்வளவே நடந்தது. இதனைச் சிலர் நம்பமுடியாத கற்பனை என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஸ்கொட்ஸ்பரோ இளைஞருள் ஒருவரான ஹேவுட் பற்றர்சன் 1936இல் நான்காந் தடவையாக விசாரிக்கப்பட்டபோது, மெதடிஸ்த பக்தரான யூரர் தலைவர் மரண தண்டனைக்கு இணங்க மறுத்து நின்றார். முடிவில் எழுபத்தைந்து ஆண்டுச் சிறை என்று சமரசம் செய்தனர். குற்றமற்றவனுக்கு எழுபத்தைந்து ஆண்டு! இதுவே அந்நாளில் ஒரு நல்ல மனிதனால் மற்றவர்களிடம் பெறக்கூடியதாயிருந்த சலுகை.

நாவலின் வெள்ளையினச் சிறு பாத்திரங்களை ஆராயும்போது ஓர் உண்மை புலனாகின்றது. அவர்களுள் நல்லவர் பலர் உளர். ஆனால் ஒவ்வொருவருடைய நன்மைக்கும் ஓர் எல்லை போடப்பட்டிருக்கிறது. லிங்க் டீஸ் என்பவர் ரொம்முக்கு வேலை கொடுத்தவர். விசாரணையின் நடுவே எழுந்து, இவன் என்னிடம் எட்டு ஆண்டுகள் வேலை செய்தவன், ஒரு குறையும் கண்டதில்லை என்று உரத்துச் சொல்லி, நீதிபதியால் வெளியேற்றப்படுகிறார். ரொம்மின் மனைவி ஹெலனுக்குத் தேவையில்லாத ஒரு வேலையை உண்டாக்கிக் கொடுக்கிறார். ஹெலன் வேலைக்குச் செல்லும்போது யூவல் வீட்டைக் கடந்து செல்ல அஞ்சி ஒரு மைல் சுற்றி நடக்கிறாள் என்று அறிந்ததும், யூவலை நேரிற் சென்று எச்சரிக்கிறார். அவரைப் போற்றத்தான் வேண்டும். எனினும் யூரர் கதிரைக்கு அஞ்சும் கடைக்காரனுக்கு உதாரணமாக அற்றிக்கஸ் எடுத்துக்கொண்ட பெயரும் அவருடையதே என்பதை வாசகர் கவனித்தல் நன்று.

அண்டர்வூட் என்பவர் ஊர்ப் பத்திரிகையின் உரிமையாளர், ஆசிரியர், அச்சகர் எல்லாமே. கறுப்பினத்தவர் அருகே வருவதையும் வெறுப்பவர். அவரே, சிறைவாசலில் அற்றிக்கஸ் தனித்து அமர்ந்திருந்த இரவில் தம் மாடி யன்னலிலிருந்து இரட்டைக்குழல் துவக்குடன் காவலிருந்தார். ரொம் கொல்லப்பட்டபின், அங்கவீனன் ஒருவனைக் கொல்வது பாடும் பறவைகளை வேட்டையாடுவதற்கு ஒப்பானது என்று கடுமையாக ஆசிரியத் தலையங்கம் எழுதினார். வெறுப்பும் நியாய உணர்வும் ஒரே நெஞ்சில் அருகருகே குடியிருக்கும் விந்தையை இப்பாத்திரம் காட்டுகின்றது.

டொல்பஸ் றேமண்ட் வேறு வகையினர். செல்வந்தர், நிலவுடைமையாளர், கறுப்பினப் பெண்ணொருத்தியுடன் வாழ்ந்து பிள்ளைகளும் பெற்றவர். கடதாசிப் பைக்குள் போத்தலை மறைத்துக் குடித்தபடி தள்ளாடித் திரிகிறார். ஊரார் அவரைக் குடிகாரர் என்கின்றனர். உள்ளே இருப்பது கொக்கா கோலா என்பதைப் பிள்ளைகள் மட்டுமே அறிகின்றனர். தாம் ஏன் இவ்வாறு வாழ்கிறார் என்று ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அதைக் குடியாகக் கொடுத்துவிட்டால் அவர்கள் நிம்மதியடைகின்றனர் என்பது அவருடைய விளக்கம். நகைச்சுவையாகத் தோன்றும் இக்காட்சிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்வதையும் சேர்ந்து வாழ்வதையும் அலபாமா சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1883இல் அதனை ஏற்றுக்கொண்டது. 1967இல் அதே நீதிமன்றம் இத்தகைய தடைகள் யாவற்றையும் நீக்கியபோதும், அலபாமா அரசியலமைப்பின் ஏட்டில் அவ்வாசகம் அழியாமல் 2000ஆம் ஆண்டு வரை கிடந்தது. அவ்வாண்டு வாக்கெடுப்பு நடத்தி நீக்கினர். அப்பொழுதுகூட வாக்களித்தோரில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் அது இருக்கட்டும் என்றனர். றேமண்டின் கலப்பினப் பிள்ளைகளுக்கு இரு பக்கத்திலும் இடமில்லை என்று ஜெம் தங்கைக்குச் சொல்லும் பகுதியை இச்செய்தியுடன் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. கேற்ஸ் என்ற ஆசிரியை. ஹிற்லர் யூதரை ஒடுக்குவதைப் பற்றி வகுப்பிலே பேச்சு எழுகிறது. எங்கள் நாடு சனநாயக நாடு, நாங்கள் எவரையும் ஒடுக்குவதில்லை என்று கரும்பலகையில் எழுதி விளக்குகிறார். அவர் உண்மையாகவே மனமுருகுகிறார். அதே ஆசிரியை, ரொம்மின் வழக்கு முடிந்த இரவில் நீதிமன்றப் படிகளிலே இறங்கும்போது, இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பேசியதை ஸ்கவுட் கேட்டிருந்தாள். தூரத்து அநியாயத்துக்காக அழுவது எவ்வளவு எளிது! நூல் முழுவதிலும் எம்மை மிக அதிகம் உறுத்தும் பக்கம் எதுவென்று கேட்டால், யூவலின் கொடுமையைக் காட்டிலும் இதனையே சுட்டுவோம்.

மேயெல்லாவைப் பற்றியும் ஒரு சொல். பொய்ச்சாட்சி சொல்லி ஓர் உயிரைப் போக்கியவள் அவள். ஆயினும் ஆசிரியை அவளை வெறும் பொய்க்காரியாக விட்டுவிடவில்லை. குப்பைமேட்டின் அருகே, குடிகாரத் தந்தையுடன், தாயற்ற ஏழு சிறுவர்களைப் பார்த்துக்கொண்டு வாழும் பத்தொன்பது வயதுப் பெண். உடைந்த பாத்திரங்களிலே பூச்செடி வளர்க்கிறாள். அற்றிக்கஸ் மரியாதையாக அழைத்தபோது தன்னை ஏளனம் செய்கிறார் என்று அழுகிறாள். அதுவரை எவரும் அவளை அவ்வாறு அழைத்ததில்லை. ஸ்கொட்ஸ்பரோ வழக்கின் இரு பெண்களும் இத்தகைய வறுமையிலிருந்தே வந்தனர். ஹன்ஸ்வில் நகரின் பருத்தி ஆலைகளில் அற்ப கூலிக்கு உழைத்தவர்கள். ஆனால் அவர்களுள் ரூபி பேற்ஸ் என்பவர் 1933இல் மன்றுக்குத் திரும்பி வந்து, முன்னர் தாம் கூறியது பொய் என்று சாட்சியமளித்தார். பின்னர் அவ்விளைஞரின் தாய்மாருடன் ஊர்வலங்களிலும் நடந்தார். யூரர்கள் அவரை நம்பவில்லை. ஒருமுறை பொய் சொன்னபோது நம்பியவர்கள், மெய் சொன்னபோது நம்ப மறுத்தனர். அதே ஆண்டில் நீதிபதி ஜேம்ஸ் ஹோர்ற்றன், சாட்சியங்களை ஆராய்ந்து, யூரர்களின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். மறு ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்தனர். நாவலின் நீதிபதி ரெய்லர் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அனுபவமற்ற இளைஞருக்குப் பதிலாக அற்றிக்கசை எதிரிச் சட்டத்தரணியாக நியமித்ததோடு அவருடைய நன்மை நின்றுவிட்டது.

இப்பொழுது நீதிமன்றத்தின் மேல்மாடத்திற்கு வருவோம். கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அதுவே. கீழே இடம் கிடைக்காத பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று தம்மருகில் இருத்துபவர் சைக்ஸ் போதகர். முன்வரிசையில் இருந்த நால்வர் எழுந்து அவர்களுக்கு இடம் விடுகின்றனர். தீர்ப்பு முடிந்து அற்றிக்கஸ் வெளியேறும்போது மேல்மாடத்து மக்கள் அனைவரும் எழுந்து நிற்கின்றனர். சிறுமியையும் எழுந்து நிற்கச் சொல்கிறார் போதகர். திரைப்படத்தின் புகழ்பெற்ற காட்சி இது. கண்ணீர் வரவழைப்பது. ஆனால் அந்த மக்கள் அன்றிரவு வீடு சென்று தமக்குள் என்ன பேசினர் என்பதை நாவல் எமக்குச் சொல்வதில்லை. இங்கேதான் இந்நூலின் பெருங்குறை இருக்கிறது என்று கறுப்பின விமர்சகர் பலர் கூறியுள்ளனர். அதை மறுக்க எம்மிடம் நியாயமில்லை.

எனினும் ஓர் அதிகாரத்தில் மட்டும் அக்கதவு சிறிது திறக்கின்றது. சமையற்காரி கல்பூர்ணியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்திற்கு அழைத்துச் செல்லும் ஞாயிற்றுக்கிழமை அது. விடுதலை பெற்ற அடிமைகள் தம் முதற் சம்பாத்தியத்தில் வாங்கியமையால் அவ்வாலயத்திற்கு ‘முதற் கொள்வனவு’ என்று பெயர். வாரநாட்களில் வெள்ளையர் அங்கே சூதாடுவர். பாட்டுப் புத்தகம் கிடையாது; இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் நால்வரே. கல்பூர்ணியாவின் மகன் ஸீபோ ஒவ்வொரு வரியாக வாசிக்க, சபை அதைக் கேட்டுப் பாடுகிறது. அலபாமா 1832இல் இயற்றிய சட்டமொன்று கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பவரிடம் 250 டொலருக்குக் குறையாத தண்டப்பணம் அறவிட்டது என்பதை அறிந்தால், அந்த நால்வர் என்ற தொகையின் பொருள் விளங்கும். கல்பூர்ணியா தானும் ஒரு முதிய அம்மையாரிடம் இரகசியம் போலக் கற்றவள். மகனுக்கு அவள் கற்பித்த நூல்கள் இரண்டு: ஒன்று வேதாகமம், மற்றது பிளாக்ஸ்ரனின் ஆங்கிலச் சட்ட விளக்கவுரை. சட்டத்தால் எழுத்து மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல் சட்ட நூலை வைத்தே எழுத்துக் கற்கிறான்!

அன்றைய ஆராதனையில் ஹெலனுக்காகப் பணம் சேர்க்கின்றனர். பத்து டொலர் சேரும்வரை கதவைப் பூட்டச் சொல்கிறார் சைக்ஸ் போதகர். சிறு நாணயங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. சிறையிலிருக்கும் ஒருவனின் குடும்பத்தைத் தாமே வறியோராகிய அயலவர் தாங்கும் இந்தக் காட்சியை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்பூர்ணியா தன் மக்களிடையே அவர்களின் பேச்சு வழக்கிலும், பிஞ்ச் வீட்டில் வேறொரு மொழியிலும் பேசுவதைப் பிள்ளைகள் வியக்கின்றனர். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியுமாக வளரும் எமது பிள்ளைகளுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அத்தேவாலய வாசலிலே லூலா என்ற உயர்ந்த பெண் ஒருத்தி வந்து நிற்கிறாள். வெள்ளைப் பிள்ளைகளைக் கறுப்பர் ஆலயத்திற்கு ஏன் கொண்டுவந்தாய் என்று கல்பூர்ணியாவைக் கேட்கிறாள். சண்டைக்காரி என்று மற்றவர்கள் அவளை ஒதுக்க, அவள் மறைந்துவிடுகிறாள். பின்னர் எங்கும் வருவதில்லை. பாடசாலைக் குறிப்பு நூல்கள் இவளையும் தப்பெண்ணத்துக்கு உதாரணமாகக் காட்டுவதுண்டு. அது அவசரத் தீர்ப்பு. அவ்வாலயம் சேர்ந்த ஆபிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபை ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியா நகர ஆலயமொன்றில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரைப் பிடித்து எழுப்பினர். அவர்கள் வெளியேறித் தமக்கெனச் சபை அமைத்தனர். 1816இல் றிச்சர்ட் அலன் தலைமையில் அது தனித் திருச்சபையாயிற்று. எல்லா இடங்களும் வெள்ளையருக்குத் திறந்திருந்த நாட்டில், தமக்கென்றிருந்த ஒரேயொரு கட்டடத்தின் வாசலில் நின்று லூலா கேட்ட கேள்வியில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஹெலனோ நாவலில் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. கணவன் இறந்த செய்தி கேட்டு அவள் நிலத்தில் விழுந்ததைக்கூடச் சிறுவன் ஒருவன் பார்த்து வந்து சொல்லவே அறிகிறோம்.

ஆனால் ஹார்ப்பர் லீ இந்நூலை எழுதிய ஆண்டுகளில், அதே அலபாமாவின் தலைநகரில், ஹெலன்களும் கல்பூர்ணியாக்களும் பேசத் தொடங்கியிருந்தனர். 1955 டிசம்பர் முதலாந் திகதி, மொன்ற்கோமரி நகர பஸ் வண்டியில் ஆசனத்தைவிட்டு எழ மறுத்தமைக்காக றோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவே கல்லூரி ஆசிரியையான ஜோ ஆன் றொபின்சன், பஸ்களைப் புறக்கணிக்குமாறு கோரும் துண்டுப்பிரசுரங்களை விடியவிடிய றோனியோ இயந்திரத்திற் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டார். புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. உலகம் அறிந்த பெயர் மார்ட்டின் லூதர் கிங். நாள்தோறும் மைல்கணக்கில் நடந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளிற் சமைத்தும் துணி துவைத்தும் பிள்ளை வளர்த்தும் வந்த பெண்கள்.

அவர்களுள் ஜோர்ஜியா கில்மோர் என்பவர் ஓர் உணவுச்சாலைச் சமையற்காரி. 1956இல் கிங் மீதான வழக்கிலே, பஸ் சாரதி தம்மை அவமதித்ததைச் சாட்சியமாகக் கூறினார், வேலை போயிற்று. அவர் தம் வீட்டு அடுக்களையிலிருந்து கோழியும் அப்பமும் கேக்கும் செய்து விற்று, போராட்டத்திற்குப் பணம் சேர்த்தார். வேறு பெண்களும் அவ்வாறே இரகசியமாகச் சமைத்து விற்றனர். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்துமில்லை என்று சொல்லலாம் என்பதற்காகத் தம் குழுவுக்கு ‘எங்குமில்லாதோர் கழகம்’ என்று பொருள்படும் பெயரை இட்டனர். பெயர் வெளிவந்தால் வெள்ளையர் வீட்டு வேலை பறிபோகும். அவர்கள் சேர்த்த காசு, நடப்பவர்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களின் எரிபொருளாயிற்று. சைக்ஸ் போதகர் கதவைப் பூட்டிச் சேர்த்த பத்து டொலரின் அடுத்த பக்கம் இது. நாவலில் இல்லாத பக்கம்.

2015இல் ஹார்ப்பர் லீயின் பழைய கைப்பிரதியொன்று ‘கோ செற் எ வோச்மன்’ என்ற பெயரில் நூலாக வந்தது. முதல் நாவலுக்கு முன்னரே, 1950களின் நடுவில் எழுதப்பட்டது. அதில் ஸ்கவுட் வளர்ந்து ஊர் திரும்புகிறாள். தந்தை அற்றிக்கஸ், கறுப்பினத்தவரின் உரிமைகளை எதிர்க்கும் வெள்ளையர் சபைக் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். அற்றிக்கசைத் தெய்வமாகக் கொண்ட வாசகர் பலர் அதிர்ச்சியுற்றுக் கோபங்கொண்டனர். எமக்கு அந்நூலில் முக்கியமாகத் தோன்றுவது வேறொரு காட்சி. முதுமையடைந்து வேலையிலிருந்து விலகிவிட்ட கல்பூர்ணியாவைப் பார்க்க ஸ்கவுட் அவளுடைய வீட்டுக்குச் செல்கிறாள். கல்பூர்ணியாவின் பேரன் ஒருவன் அப்பொழுது வழக்கொன்றிற் சிக்கியிருக்கிறான். வளர்த்த பிள்ளையை, வந்த வெள்ளைக்காரியை வரவேற்பது போல மரியாதையாக வரவேற்கிறாள் அக்கிழவி. பழைய உரிமை எதுவும் முகத்தில் இல்லை. நீ எங்களை வெறுத்தாயா என்று ஸ்கவுட் தாங்கமாட்டாமற் கேட்கிறாள். கல்பூர்ணியா நெடுநேரம் பேசாதிருக்கிறாள். பின்னர் இல்லையென்று தலையை மட்டும் அசைக்கிறாள்.